கணனி எழும்போது நடக்கும் இழுபறி: ஒரே வேலைக்கு இரண்டு பொறுப்பாளிகள்



லினக்ஸில் ஓடும் ஒரு கணனி அணைந்து மீண்டும் எழும்போது அதிலுள்ள சேவைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது உண்டு. இந்த மாதக் கணனிப் பேச்சில் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம். இது கணனித் துறையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். நாம் வாழும் நாடுகளில் கோயில்கள், தமிழ்ப் பாடசாலைகள், ஊர்ச் சங்கங்கள், சிறு வானொலிகள் என்று பல இடங்களில், மூலையில் ஒரு பழைய கணனி லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரு தொண்டர் அமைத்துக் கொடுத்திருப்பார். பிறகு அவர் வேலை மாறி வேறு நகரத்துக்குப் போயிருப்பார். அடுத்து வந்தவர் தனக்குத் தெரிந்த விதத்தில் அதே வேலையை இன்னொரு முறை அமைத்திருப்பார். மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒருநாள் மின்சாரம் ஒரு கணம் போய் வரும். அல்லது பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்காகக் கணனி இரவில் தானாக அணைந்து எழும். விடிந்து பார்த்தால் ஒலிபரப்பு இல்லை.

பகல் முழுவதும் தனியே வீட்டில் இருந்து வானொலியைத் துணையாக வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு, உள்ளே என்ன முட்டிக்கொண்டது என்பது தெரியாது. வானொலி பேசவில்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். ஆகவே இப்படியான கணனியைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள் இதை விளங்கி வைத்திருப்பது அவசியம்.

ஒரு சிறு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தருகிறோம். விசைப்பலகையில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும். அடிக்கடி வரப்போகும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் சேர்த்தால் அதுதான். ஜேர்னல்சிடிஎல் என்பதும் அப்படியே.

கணனி எப்படி எழுகிறது?

யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கிய இயங்குதளம். லினக்ஸ் அதன் வழியைப் பின்பற்றி வந்தது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கணனிகளில், கேர்னல் என்னும் மையப் பகுதி நினைவகத்தில் ஏறியதும் முதலில் ஒரேயொரு நிரலை ஓடவிடும். அதன் இலக்கம் 1. மற்றச் சேவைகளை எழுப்புவது அதன் பொறுப்பு. வீட்டில் முதலில் எழும்பி விளக்கேற்றிவிட்டு மற்றவர்களை எழுப்பும் ஆள் மாதிரி.

எந்தச் சேவையை எந்த ஒழுங்கில் எழுப்புவது என்பதற்குக் காலத்துக்குக் காலம் முறைகள் மாறின. 1983இல் வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் வழியில் வளர்ந்த முறையில், ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் இருக்கும். அதன் பெயருக்கு முன்னால் எஸ் 20, எஸ் 80 என்று எழுத்தும் இலக்கமும் போட்டு வரிசைப்படுத்துவார்கள். 20 முதலில், 80 பிறகு. கே என்று தொடங்கினால் நிறுத்து என்று பொருள். எளிமையான முறைதான். ஆனால் எது எதற்கு முன்னால் வரவேண்டும் என்பதை மனிதர்தான் இலக்கம் போட்டுக் காப்பாற்ற வேண்டும்.

பிறகு, "எனக்கு முன்னால் வலையமைப்பு எழும்ப வேண்டும்" என்று ஸ்கிரிப்டே சொல்லும் முறை வந்தது. நெட்பிஎஸ்டி 2000ஆம் ஆண்டில் வந்த தன் 1.5 பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. டெபியன் லினக்ஸ் 2011இல் வந்த 6ஆம் பதிப்பில் இதையே இயல்பான முறையாக்கியது. அதற்கிடையில் 2010இல் சிஸ்டம்டி என்ற புதிய தொடக்க முறை அறிமுகமானது. ஃபெடோரா 2011இலும், டெபியனும் உபுண்டுவும் 2015இலும் அதற்கு மாறின.

புதியது வந்தபோது பழையது முழுதாகப் போய்விடவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சிஸ்டம்டி ஓடும் கணனியிலும் பழைய ஸ்கிரிப்டுகளைத் தானாக மொழிபெயர்த்து ஓடவிடும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. 2023இல் வந்த சிஸ்டம்டி 254ஆம் பதிப்பில்தான், அந்த ஏற்பாடு வருங்காலத்தில் நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். இதைவிட ஆர்சி டொட் லோக்கல் என்ற பழைய கோப்பு இருக்கிறது. கிரொன் என்ற நேரக்காப்பாளரிடம் "அட் ரீபூட்" என்று எழுதி வைத்தால், அதுவும் கணனி எழும்போது ஒரு நிரலைத் தொடக்கிவிடும். ஆகப் பத்துப் பதினைந்து வருடம் பலர் கைபட்ட கணனியில் ஒரே வேலையைத் தொடக்க நான்கைந்து வாசல்கள் உண்டு. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வாசலால் வந்து போயிருப்பார்கள்.

ஓர் உதாரணம்

ஒரு சிறு வானொலியின் கணனியைக் கற்பனை செய்துகொள்வோம். இணைய ஒலிபரப்புக்குப் பல சிறு வானொலிகள் பாவிக்கும் ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருள் அதில் இருக்கிறது. அது வழக்கமாக 8000 என்ற போர்ட்டில் காத்திருக்கும். கலையகத்தின் ஒலியை எடுத்து ஐஸ்காஸ்டுக்குக் கொடுக்க டார்க்ஐஸ் என்ற இன்னொரு நிரல் இருக்கிறது. அது கடவுச்சொல் சொல்லித்தான் உள்ளே போகும்.

முதலில் அமைத்த தொண்டர், தன் சொந்தக் கணக்கின் கிரொனில் "கணனி எழும்போது ஐஸ்காஸ்டைத் தொடக்கு" என்று ஒரு வரி எழுதினார். அமைப்புக் கோப்பும் அவருடைய கோப்புறையில் இருந்தது. சில வருடங்களுக்குப் பிறகு வந்தவருக்கு இது தெரியாது. அவர் முறைப்படி ஐஸ்காஸ்டைச் சிஸ்டம்டி சேவையாக நிறுவி, புதிய கடவுச்சொல் வைத்தார். பழைய ஐஸ்காஸ்டை அன்று கையால் நிறுத்தினார். எல்லாம் ஓடியது.

இப்போது கணனி அணைந்து எழுகிறது. கிரொனும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழும்புகிறது. பழைய ஐஸ்காஸ்ட் ஒரு நொடி முந்திவிட்டால் 8000ஆம் போர்ட்டை அது பிடித்துவிடும். ஒரே உறைக்குள் இரண்டு வாள் இருக்க முடியாது. புதிய ஐஸ்காஸ்ட் வந்து பார்க்கிறது, இடமில்லை, விழுந்துவிடுகிறது. டார்க்ஐஸ் புதிய கடவுச்சொல்லோடு போய்க் கதவைத் தட்டுகிறது. உள்ளே இருப்பது பழையது. கடவுச்சொல் பிழை என்று திருப்பி அனுப்புகிறது.

இப்போது பொறுப்பாளரின் நிலையைப் பாருங்கள். சிஸ்டம்சிடிஎல் "ஐஸ்காஸ்ட் தோல்வி" என்கிறது. ஓடும் நிரல்களின் பட்டியலோ "ஐஸ்காஸ்ட் ஓடுகிறது" என்கிறது. டார்க்ஐஸ் "கடவுச்சொல் பிழை" என்கிறது. மூன்றும் உண்மை. கடவுச்சொல்லை மட்டும் பார்த்தவர் அதை மாற்றிக்கொண்டே இருப்பார். தோல்வியை மட்டும் பார்த்தவர் மென்பொருளை அழித்துத் திரும்ப நிறுவுவார். இரண்டாலும் பயனில்லை. அடுத்த முறை கணனி எழும்போது புதியது ஒரு நொடி முந்தினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். "ஒருமுறை வேலை செய்கிறது, ஒருமுறை செய்யவில்லை" என்றால், இரண்டு பொறுப்பாளிகள் இருக்கிறார்களா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலாவது, உடனே கணனியை அணைத்து எழுப்பாதீர்கள். சில கணனிகளில் பதிவேடு நினைவகத்தில் மட்டும் இருக்கும். அணைத்தால் தடயமும் போய்விடும். முதலில் வாசியுங்கள்.

இரண்டாவது, சிஸ்டம்சிடிஎல் என்று எழுதி, இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடும் ஃபெயில்ட் என்ற சொல்லும் சேர்த்துத் தட்டினால் விழுந்த சேவைகளின் பட்டியல் வரும். பிறகு ஜேர்னல்சிடிஎல் கட்டளையோடு, கோடு பி, கோடு யு என்று போட்டுச் சேவையின் பெயரைக் கொடுத்தால், இந்த முறை கணனி எழுந்ததிலிருந்து அந்தச் சேவை சொன்னவை வரும். ஐஸ்காஸ்ட் போன்ற சில மென்பொருள்கள் தமக்கென்று தனிப் பதிவேடும் வைத்திருக்கும். அதையும் திறந்து பாருங்கள். முகவரி ஏற்கனவே பாவனையில் உள்ளது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் விடயம் பாதி வெளித்துவிட்டது. லினக்ஸில் அந்தப் பிழையின் இலக்கம் 98.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வகை ஸ்கிரிப்டுகளால் தொடங்கும் சில சேவைகளுக்கு "ஆக்டிவ்" என்று பச்சையில் காட்டி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "எக்சிட்டட்" என்றும் போட்டிருக்கும். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது என்பதுதான் அதன் பொருள். சேவை உயிரோடு இருக்கிறது என்று பொருள் அல்ல. பச்சையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மூன்றாவது, போர்ட்டில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேளுங்கள். நிருவாகி உரிமையோடு, எஸ்எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளையும், ஒரு கோடும், எல், டி, என், பி என்ற நான்கு எழுத்துகளும் தட்டினால், எந்தப் போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்பது வரும். 8000க்கு நேரே 812 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நான்காவது, அந்த 812ஐக் கொண்டுவந்தது யார்? அதன் பெற்றோர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் 1 என்றுதான் வரும். பின்னணிக்குப் போன நிரல்களைப் பொதுவாக இலக்கம் 1 தத்தெடுத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பதில் உதவாது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று எழுதிச் சேவைப் பெயருக்குப் பதிலாக 812 என்ற இலக்கத்தையே கொடுங்கள். அந்த நிரல் எந்தச் சேவையின் குடும்பத்தில் பிறந்தது என்று சிஸ்டம்டி சொல்லும். நம் உதாரணத்தில் அங்கே ஐஸ்காஸ்ட் என்று வராது, கிரொன் என்று வரும். பலருக்குத் தெரியாத வசதி இது. பல மணிநேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

ஐந்தாவது, வாசல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஈடிசி கோப்புறைக்குள் இனிட் டொட் டி, ஆர்சி டொட் லோக்கல், சிஸ்டம்டி, கிரொன் டொட் டி ஆகியவற்றில் அந்த மென்பொருளின் பெயரைத் தேடுங்கள். தனிப்பட்டவர்களின் கிரொன் வரிகள் ஈடிசிக்குள் இருப்பதில்லை. நிருவாகி உரிமையோடு, கிரொன்டாப், கோடு எல், கோடு யு என்று போட்டு ஒவ்வொரு கணக்கின் பெயரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். விட்டுப்போனவரின் கணக்கையும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

இரண்டாவது ஆளைக் கண்டுபிடித்ததும் கை துருதுருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த வரியை எழுதியவர் ஏதோ ஒரு காரணத்தோடுதான் எழுதியிருப்பார். அவருடைய அமைப்புக் கோப்பைத் திறந்து, புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் வார இறுதி நிகழ்ச்சிக்கென்று இன்னொரு ஒலியோடை இருக்கலாம். தூரத்து ஊரிலிருந்து ஒலி அனுப்பும் ஒருவரின் கடவுச்சொல் இருக்கலாம். தேவையானதைப் புதியதற்கு மாற்றிய பிறகே பழையதை நிறுத்துங்கள். முடிந்தால் அவருக்கே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து "அண்ணா, இது எதற்காகப் போட்டது?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும்.

நிறுத்தும்போது, கிரொன் வரியை அழிக்காமல் முன்னால் ஹாஷ் குறி போட்டு, எந்தத் திகதியில் ஏன் நிறுத்தினோம் என்று பக்கத்தில் எழுதுங்கள். சேவையாக இருந்தால் டிசேபிள் என்ற சொல்லைப் பாவியுங்கள். வேறு ஏதாவது சேவை அதை இழுத்து எழுப்புகிறது என்றால் மாஸ்க் என்ற சொல் இருக்கிறது. அதை எவராலும் எழுப்ப முடியாதபடி அது கட்டிப்போடும். கடைசியாக, ஓடும் பழைய நிரலை நிறுத்திப் புதியதைத் தொடக்குங்கள். நிரலை மட்டும் நிறுத்திவிட்டுப் போனால் இன்று ஒலிபரப்பு வரும், அடுத்த மின்வெட்டில் அதே கதை.

ஒழுங்குப் பிரச்சினை

இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டியிடாமல், நேரம் தவறி எழும்பினாலும் சேவை விழும். ஐஸ்காஸ்ட் தயாராகும் முன்னே டார்க்ஐஸ் கதவைத் தட்டினால் அதற்குப் பதில் கிடைக்காது.

சிஸ்டம்டியில் ஆஃப்டர் என்றொரு சொல்லும் ரிக்குவயர்ஸ் என்றொரு சொல்லும் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஆஃப்டர் என்பது ஒழுங்கை மட்டும் சொல்லும்: இருவரும் எழும்புவதானால் அவருக்குப் பிறகு நான். ரிக்குவயர்ஸ் என்பது தேவையை மட்டும் சொல்லும்: அவர் இல்லாமல் நான் இல்லை. இது மட்டும் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழும்பி ஓடுவார்கள். பொதுவாக இரண்டும் சேர்ந்தே வேண்டும். வலையமைப்பிலும் இப்படியான நுட்பம் உண்டு. நெட்வேர்க் டார்கெட் என்பதற்குப் பிறகு என்று போட்டால், இணைப்பு உண்மையில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. முகவரி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டிய சேவைக்கு நெட்வேர்க் ஒன்லைன் டார்கெட் என்று போடவேண்டும்.

"முப்பது நொடி தூங்கு" என்று ஸ்கிரிப்டில் எழுதிச் சமாளிப்பவர்கள் உண்டு. வேகமான கணனியில் அது வீண் காத்திருப்பு. வன்வட்டைச் சோதித்துக்கொண்டு மெதுவாக எழும்பும் நாளில் அந்த முப்பது போதாது. விழுந்தால் திரும்ப முயற்சி செய் என்று சேவைக் கோப்பிலேயே சொல்வது நல்லது. ஆனால் இடைவெளியையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிஸ்டம்டி இயல்பாக ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் திரும்பத் தொடக்கும். 10 நொடிக்குள் 5 முறை தொடக்கியும் விழுந்தால் கைவிட்டுவிடும். ஐந்து நொடி இடைவெளி கொடுத்தால் அந்த எல்லையில் முட்டாது.

ஒழுங்கைக் கூட்டிக் கூட்டி எழுதினால் வட்டமாகிவிடும் ஆபத்தும் உண்டு. அவருக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு அவர் என்று இரண்டு சேவைகள் சொன்னால், சிஸ்டம்டி வட்டத்தை உடைக்க ஒன்றைக் கைவிட்டுவிடும். கைவிடப்பட்ட சேவை தொடங்குவதற்கே முயற்சி நடந்திருக்காது. பதிவேட்டில் "ஓர்டரிங் சைக்கிள்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

பெயரும் ஒலி அட்டையும்

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, பெயர் மோதல். இனிட் டொட் டி கோப்புறைக்குள் ஒரு ஸ்கிரிப்டை மாற்றும் முன் பிரதி எடுத்து அங்கேயே வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரண்டு பிரதியும் ஒரே சேவைப் பெயரைச் சொல்வதால், பழைய டெபியன் பதிப்புகள் "இந்தச் சேவை ஏற்கனவே தரப்பட்டுள்ளது" என்ற பொருளில் பிழை காட்டும். பிரதி எடுப்பது நல்ல பழக்கம். அதை வீட்டுக் கோப்புறையில் வையுங்கள். சிஸ்டம்டியில் ஈடிசியில் உள்ள கோப்பு, மென்பொருளோடு வந்த கோப்பை மறைத்துவிடும். முழுக் கோப்பையும் அங்கே பிரதி செய்தால் பின்னால் வரும் திருத்தங்கள் உங்களுக்குக் கிடைக்காமலே போகும். சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று தட்டி, மாற்றவேண்டிய வரியை மட்டும் சேருங்கள்.

இரண்டாவது, ஒலி அட்டை. டார்க்ஐஸ் அதை நேரடியாகப் பிடிக்க வரும்போது, திரையில் உள்நுழைந்த ஒருவரின் பல்ஸ்ஓடியோ அல்லது பைப்வயர் அதை ஏற்கனவே பிடித்திருக்கலாம். சாதனம் பாவனையில் உள்ளது என்ற பிழை வரும். இங்கேயும் கேள்வி அதேதான்: யார் பிடித்திருக்கிறார்? ஒலிபரப்புக் கணனியில் யாரும் தானாக உள்நுழையும்படி வைக்காமல் இருப்பது நல்லது.

முடிவாக

திருத்திய பிறகு, நேயர்கள் குறைவாக இருக்கும் ஒரு நேரத்தில் நீங்களே கணனியை அணைத்து எழுப்பிப் பாருங்கள். ஒருமுறை போதாது. முந்துவது யார் என்பது ஒவ்வொரு முறையும் மாறலாம் என்பதால் மூன்று முறையாவது பாருங்கள். மின்வெட்டு உங்களைச் சோதிப்பதற்கு முன் நீங்கள் அதைச் சோதித்துவிட வேண்டும்.

பிறகு ஒரு தாளை எடுங்கள். இந்தக் கணனியில் என்னென்ன சேவை ஓடுகிறது, ஒவ்வொன்றையும் தொடக்குவது எது, அமைப்புக் கோப்பு எங்கே, எந்தப் போர்ட், கடைசியாக மாற்றியவர் யார் என்று ஐந்து நிரல் போட்டு எழுதிக் கணனியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதவேண்டாம். ஒரு சேவைக்கு ஒரே தொடக்குநர் என்பதுதான் விதி. ஒரு வரிசையில் இரண்டு பெயர் எழுதவேண்டி வந்தால் அங்கே சண்டை காத்திருக்கிறது.

தொண்டர்கள் வருவார்கள், போவார்கள். அந்தத் தாள் இருந்தால், அடுத்து வரும் தம்பியோ தங்கையோ இரவு இரண்டு மணிக்குத் தனியாக நின்று தடுமாற மாட்டார். விடியும்போது வானொலியும் பேசும்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.